லக்சரி கார் சாவிக்கு ப்ரீமியம் கவர், கீ டேக் வாங்குறவங்க உண்மையில என்ன எதிர்பார்க்குறாங்க?

தம்பி, நீங்க கேட்டதை முதல்ல ஒருக்கா திருப்பி சொல்லிர்றேன், நான் சரியா விளங்கிக்கிட்டேனான்னு பார்த்துக்கங்க. பண்டாரவளையில உங்க மாமா லெதர் வேலை செய்றார், அவரோட சேர்ந்து பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆவுடி, ப்ராடோ மாதிரி வாகனங்களோட சாவிக்கு தரமான கவரும் கீ டேக்கும் செஞ்சு விக்கலாம்னு இருக்கீங்க, அந்த மாதிரி வாகனம் வச்சிருக்கிறவங்க என்ன எதிர்பார்ப்பாங்க, எந்த லெதர் போடுறது, என்ன விலை வைக்கிறதுன்னு கேக்குறீங்க. ஆனா இதுக்குள்ள இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. கோடிக்கணக்குல காசு போட்டு வாகனம் வாங்கின ஒருத்தர் ஆசையா ஒரு கவரை வாங்கிட்டு போய், ஒரு மாசத்துல கழட்டி லாச்சிக்குள்ள போட்டுட்டு சாவியை வெறுமனே வச்சு சுத்துறாரே, அது ஏன்? அதுக்கு பதில் சொன்னா உங்க கேள்விக்கும் பதில் வந்துரும்.

நான் ஹட்டன்ல வாகன எலக்ட்ரிக்கல் வேலை செய்றவன், சாவி வெட்டுறது, ரிமோட் ரிப்பேர், ஸ்மார்ட் கீ ப்ரோக்ராம் பண்றது எல்லாம் இருபது வருசத்துக்கு மேல கை பழகின வேலை. தோட்டத்து மெனேஜர்மார், டொக்டர்மார், டவுன் முதலாளிமார், ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வந்துட்டு வழியில சாவி மக்கர் பண்ணி நிக்கிற கொழும்புக்காரங்க, இவங்க சாவியெல்லாம் என் மேசைக்கு வந்திருக்கு. அதனால கவர் போட்ட சாவி எந்த நெலமையில திரும்பி வரும்னு எனக்கு நல்லா தெரியும். ஆனா தோல் பதப்படுத்துறது என் தொழில் இல்ல, அதுல உங்க மாமா சொல்றதை என் பேச்சுக்கு மேல வச்சுக்கங்க. அதே மாதிரி ஃபெராரி, ரோல்ஸ் ரொய்ஸ் ஆட்களைப் பத்தி நான் ஒன்னும் சொல்லப் போறதில்ல, மலையில நான் பார்த்த ஆட்களை வச்சுத்தான் சொல்றேன்.

நம்ம இலங்கையோட நெலமையை முதல்ல யோசிங்க. 2020 மார்ச்ல வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க, தனியார் கார் திரும்ப வர ஆரம்பிச்சது 2025 பெப்ரவரியில. இடையில அஞ்சு வருசம் புது வாகனம் இல்லாததால இருந்த வாகனத்தையே எல்லாரும் பொத்திப் பொத்தி வச்சிருந்தாங்க, 2014, 2016 மொடல் சி கிளாஸ், ஃபைவ் சீரிஸ், எக்ஸ் ஃபைவ் எல்லாம் இன்னைக்கும் இங்க லக்சரி வாகனம்தான். வாகனம் பளபளன்னு இருக்கும், சாவி மட்டும் பத்து வருசம் பொக்கட்டுல கிடந்து குரோம் உரிஞ்சு, பட்டன் ரப்பர் ஓட்டையாகி இருக்கும். ஜப்பான்லேருந்து இறக்கின வாகனங்கள்ல நெறைய ஒத்த சாவியோடதான் வந்துச்சு. ஐரோப்பிய வாகனத்துக்கு இன்னொரு ஸ்மார்ட் கீ எடுத்து ப்ரோக்ராம் பண்ணணும்னா பல மொடலுக்கு லட்சத்தைத் தாண்டும். ஆகவே இங்க கவர் கேட்டு வர்றவர் மனசுல முதல்ல இருக்கிறது அந்தஸ்து இல்ல, இருக்கிற சாவி கெட்டுறக் கூடாதுங்கிற பயம். அழகு அதுக்கு அடுத்துதான் வருது. சாவியோட வேலைக்கு குறுக்க வராத கவர்தான் அவர் கண்ணுக்கு ப்ரீமியம். இதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தை வாசிங்க.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன், சிக்னல். நீங்க கதவு கைப்பிடியில கை வைக்கும்போது வாகனம் ஒரு தாழ்ந்த அலையில, அனேகமா 125 கிலோஹெர்ட்ஸ் பக்கம், சாவியை எழுப்பும். சாவி முழிச்சு உயர்ந்த அலையில பதில் சொல்லும், ஐரோப்பிய வாகனம்னா பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், சில பிஎம்டபிள்யூல 868, ஜப்பான் உள்நாட்டு வாகனம்னா 315க்கு கிட்ட. தாழ்ந்த அலையை பிடிக்க சாவிக்குள்ள சின்னச் சின்ன செம்புக் கம்பி சுருள் இருக்கு, பதில் அனுப்புற ஆன்டெனா அனேக சாவியில போர்டோட ஓரத்துலயே கோடு மாதிரி ஓடும். இப்ப சந்தையில ப்ரீமியம்னு விக்கிற நெறைய கவர் என்ன செய்துன்னா சாவியைச் சுத்தி அலுமினியம் இல்லாட்டி சின்க் வார்ப்புல ஒரு ஃப்ரேம் போடுது, பார்க்க அருமையா இருக்கும், கையில வச்சா கனமா, விலை கூடின சாமான் மாதிரி தெரியும். ஆனா சுத்தி மூடின உலோக வளையத்துல அந்தத் தாழ்ந்த அலை பட்டா வளையத்துக்குள்ள எதிர் மின்னோட்டம் ஓடி அலையைத் தின்னும், பதில் போற ஆன்டெனாவும் அதே ஓரத்துலதான் இருக்குன்னா அதுவும் அடைபடும். உலோகம் சிக்னலைக் குறைக்கும்ங்கிறது நிச்சயம், இதுல ரெண்டு பேச்சு இல்ல. எவ்வளவு குறைக்கும்ங்கிறதுதான் சாவிக்கு சாவி மாறுது, ஒரே மாதிரி கவர் ஒரு மொடல்ல ஒன்னும் செய்யாது, இன்னொன்னுல கைப்பிடியில கை வச்சாலும் கதவு திறக்காது. அதனால சிக்னல் பாதிக்காதுன்னு பொட்டியில அச்சடிச்சதை வச்சு விக்காதீங்க, ஒவ்வொரு மொடலுக்கும் நீங்களே போட்டுப் பார்க்கணும். கார்பன் ஃபைபரும் இதே கதைதான், அது பிளாஸ்டிக் மாதிரி தெரிஞ்சாலும் மின்சாரம் கடத்துற பொருள், உண்மையான கார்பன் ஃபைபர்ல சாவியை முழுசா மூடினா சிக்னல் அடிபடும். மேல கார்பன் டிசைன் ப்ரின்ட் பண்ணின பிளாஸ்டிக்ல அந்தப் பிரச்சினை இல்ல, ஆனா அதைக் கார்பன்னு சொல்லி விக்கவும் கூடாது. காஞ்ச லெதர், சிலிக்கன், டிபியூ (ரப்பர் மாதிரி வளையிற பிளாஸ்டிக்) இதெல்லாம் சிக்னலுக்கு ஒன்னும் செய்யாது, உங்க மாமாவோட தொழிலுக்கு இது பெரிய பலம், இதை வாங்குறவங்ககிட்ட வாய் விட்டு சொல்லுங்க. மூடுற இடத்துக்கு மேக்னெட் பட்டன் வைக்க நினைச்சா மட்டும் கவனம், சுருளுக்கு நடுவுல அலையை இழுத்துப் பிடிக்கிற ஃபெரைட் கட்டை இருக்கு, பலமான காந்தம் பக்கத்துலயே இருந்தா அது மந்தமாகி சாவி எழும்பப் பிந்தும். சாதா அழுத்துற பட்டன் போதும்.

மலையில இதோட குளிரும் சேருது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்துல இருக்கு, ஜனவரி பெப்ரவரி காலையில புல்லுல உறைபனி கூட விழும். சாவிக்குள்ள அனேகமா சிஆர்2032 கொயின் பெட்டரி, புதுசுல மீட்டர் வச்சா 3.2 வோல்ட்டுக்கு கிட்ட காட்டும், பழசானதும் குளிர்ல உள் தடை கூடி சாவி பதில் சொல்ற அந்த நொடியில வோல்ட் கீழ இறங்கிரும். பகல்ல வேலை செய்ற சாவி விடிய அஞ்சரைக்கு வேலை செய்யாது. அந்த நேரம் கையில உலோகக் கவரும் இருந்துச்சுன்னா இருந்த கொஞ்ச நஞ்ச சிக்னலும் போயிரும், சனி ஞாயிறு விடிய எனக்கு வர்ற போன் பாதி இதுதான். ஆகவே கவரை கழட்டாம பெட்டரி மாத்த முடியுமா, இல்லாட்டி கழட்டிப் போடுறது லேசாங்கிறதை வாங்குறவர் கேக்க மாட்டார், ஆனா முதல் தடவை பெட்டரி மாத்தும்போது உங்க கவரைப் பத்தி அவர் முடிவு எடுத்துருவார். பெட்டரி முழுசா செத்தாலும் ஸ்டார்ட் பண்ண வழி இருக்கு, சாவிக்குள்ள இருக்கிற ட்ரான்ஸ்பொண்டருக்கு, அதாவது வாகனம் சாவியை அடையாளம் கண்டுக்கிற சின்னச் சிப்புக்கு, பெட்டரி தேவையில்ல, வாகனத்துக்கு ஒட்டிப் பிடிச்சா போதும். டொயோட்டா, லெக்சஸ்ல சாவியோட சின்னம் இருக்கிற பக்கத்தை ஸ்டார்ட் பட்டன்ல தொட வைக்கணும், பல பிஎம்டபிள்யூல ஸ்டியரிங் கொலம் ஓரத்துல அடையாளம் போட்ட இடம் இருக்கு, சில பென்ஸ்ல ஸ்டார்ட் பட்டனைப் பிடுங்கிட்டு சாவியை அந்தக் குழிக்குள்ள தள்ளணும். இந்தக் கடைசி வகைக்கு சாவியை முழுசா சுத்தித் தைச்ச கவர் போட்டா ஆபத்து நேரத்துல நுழையாது. உள்ள இருக்கிற அவசரச் சாவி, அந்த இரும்பு நாக்கு, அதை இழுக்கவும் வழி விடணும். நான் பார்த்ததுல அழகான கையால தைச்ச கவர் ஒன்னு, அந்த வழியையே தைச்சு மூடிட்டாங்க, பெட்டரி செத்த அன்னைக்கு அந்த டொக்டர் பிளேட் வாங்கித் தையலை அறுத்தார்.

பட்டன் விசயத்தை யாரும் பேசுறதில்ல, ஆனா கவரைக் கழட்டி லாச்சியில போடுறதுக்கு நான் கண்ட காரணத்துல பெரியது இதுதான். பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வேகன் மாதிரி நெறைய வாகனத்துல அன்லொக் பட்டனை அழுத்திப் பிடிச்சா ஜன்னல் நாலும் சன்ரூஃபும் இறங்கித் திறக்கும், வெயில்ல நின்ன வாகனத்தைக் காத்தாட விட அப்படி வச்சிருக்காங்க. இறுக்கமான கவர் போட்டு அது இறுக்கமான ஜீன்ஸ் பொக்கட்டுக்குள்ள போனா என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. வட்டவளை, கினிகத்தேனை பக்கம் மழை சொல்லிக்கிட்டு வராது, ராத்திரி மேசையில புத்தகத்துக்கு அடியில கிடந்த சாவி ஜன்னலை இறக்கிட்டு விடிய சீட் எல்லாம் நனைஞ்சு கிடந்த வாகனத்தை நான் ரிப்பேர் பண்ணியிருக்கேன், கதவு ஸ்விட்ச், சீட் மொடியூல் எல்லாம் சேர்த்து வந்த செலவுக்கு முன்னால கவர் விலை ஒன்னுமே இல்ல. அதனால பட்டன் இருக்கிற முகத்துல லெதர் நேரா பட்டன் மேல படுக்கக் கூடாது, சுத்தி ஒரு சின்ன வரம்பு எழும்பி நிக்கணும், பட்டன் அந்த வரம்பை விட உள்ள இறங்கி இருக்கணும். இல்லாட்டி அந்த முகத்தைத் திறந்தே விடுங்க. திறந்து விடுறதுல இன்னொரு லாபமும் இருக்கு, இருட்டுல விரலால தடவி லொக் எது டிக்கி எதுன்னு கண்டுபிடிக்கலாம். சந்தையில வர்ற கவர்ல பட்டன் படத்தை லெதர் மேல அச்சடிச்சிருப்பாங்க, கவர் ரெண்டு மில்லிமீட்டர் நகர்ந்ததும் படம் ஒரு பக்கம் பட்டன் ஒரு பக்கம் ஆயிரும்.

லெதரைப் பத்தி. வாங்குறவங்க ஒரிஜினல் லெதர்தானான்னு கேப்பாங்க, அந்தக் கேள்விக்கு ஆமா சொல்றது லேசு, ஒரிஜினல்னு பேர் போட்டதுலயே தோல் தூளை அரைச்சுப் பசை போட்டு ஒட்டின பொண்டட் லெதரும் இருக்கு. மேல்தோல் முழுசா இருக்கிற ஃபுல் க்ரெய்ன்தான் வருசக்கணக்கா கை பட்டாலும் உரியாம பளபளப்பு ஏறிக்கிட்டு வரும். பியூ லெதர், அதாவது துணிக்கு மேல பொலியூரித்தேன் பூசினது, நம்ம மலைக்கு சரிவராது, காத்துல இருக்கிற ஈரமே அந்தப் பூச்சை மெதுவா சிதைக்கும், ரெண்டு மூணு மழைக்காலத்துல செதில் செதிலா உரியும். உரிஞ்ச கவரை பொக்கட்டுல வச்சுக்கிட்டு எவரும் பென்ஸ்ல ஏற மாட்டார். தாவரப் பட்டைச் சாறுல பதப்படுத்தின வெஜிடபிள் டேன் லெதர் (தமிழ்நாட்டுல முன்னாடி ஆவாரம்பட்டை போட்டு செஞ்ச அதே முறை) விறைப்பா நிக்கும், ஓரத்தைத் தேய்ச்சா கண்ணாடி மாதிரி மழமழன்னு வரும், எழுத்துப் பொறிச்சா ஆழமா பதியும், வெளிநாட்டுல ப்ரீமியம்னா இதைத்தான் தூக்கிப் பிடிக்கிறாங்க. ஆனா அது தண்ணி பட்டா கறை பிடிக்கும், ஈரக் காத்துல பூஞ்சணம் லேசா பிடிக்கும். கொழும்புல, வெளிநாட்டுல எடுத்த படத்தைப் பார்த்துட்டு நீங்களும் வெளிர் பழுப்பு நிறத்துல அதையே செஞ்சா நுவரெலியாவுல ஒரு மழைக்காலம் தாங்காது. குரோம்ல பதப்படுத்தின லெதர் தண்ணியைக் கூட தாங்கும், மென்மையா இருக்கும், ஆனா விறைப்பு இல்லாததால ஓரம் தொங்கும். என் அபிப்பிராயம், உள்ளுக்கு விறைப்பான ஒன்னு, வெளிய மேல் பூச்சு போட்ட கருப்பு இல்லாட்டி கரும் பழுப்பு, மொத்தத் தடிப்பு கூடிப் போகாம. ஆனா இது என் யோசனைதான், நான் தைக்கிறவன் இல்ல, இந்த இடத்துல மாமா வேற சொன்னா அவர் பேச்சைக் கேளுங்க. நூல் மட்டும் பருத்தி வேண்டாம், நனைஞ்சு காஞ்சு உக்கிப் போகும், மெழுகு போட்ட பொலியெஸ்டர் நல்லது. ரெண்டு ஊசியால கையால தைச்ச தையல் ஒரு இடத்துல அறுந்தாலும் மிச்சம் கழண்டு வராது, மெஷின் தையலுக்கு அந்த உறுதி இல்ல, இந்த வித்தியாசத்தை வாங்குறவருக்குக் காட்டினா அவர் நிச்சயம் விளங்கிப்பார், ஏன்னா அவர் வாகனத்துல டேஷ்போர்ட் தையலையே பார்த்துப் பார்த்து ரசிக்கிற ஆளு. ஓரத்துல பெயின்ட் அடிக்கிறதா இருந்தா மெல்லிசா பல தடவை அடிக்கணும், ஒரே தடவையில தடிப்பா அடிச்சா வளையிற இடத்துல வெடிச்சு ரப்பர் மாதிரி கழண்டு வரும். அல்கன்டாரா கேட்டும் சிலர் வருவாங்க, அது தோல் இல்ல, பொலியெஸ்டரும் பொலியூரித்தேனும் சேர்ந்த செயற்கை நார்த் துணி, 1970ல ஜப்பான்ல டோரே கம்பனியில கண்டுபிடிச்சது. சீட்டுல, ஸ்டியரிங்ல நல்லா இருக்கும், சாவிக்கு கை எண்ணெய் ஏறி சீக்கிரம் அழுக்காகிக் கட்டி கட்டியா ஆயிரும், கேட்டா செஞ்சு குடுங்க, நீங்களா செஞ்சு வைக்காதீங்க.

தோற்றத்தைப் பத்தி நிறைய சொல்லத் தேவையில்ல. சீசன் நேரத்துல நுவரெலியா ஹோட்டல்கள்ல பார்த்தா தெரியும், உக்கார்ந்ததும் சாவியை மேசையில வைப்பாங்க. போர்ஷ சாவி அந்தக் காரோட உருவத்துலயே இருக்கு, அதை முழுசா மூடினா அவர் காசு குடுத்து வாங்கின அழகையே நீங்க மறைச்சுர்றீங்க. போர்ஷயே பெயின்ட் அடிச்ச சாவியை ஒரு லெதர் பையோட சேர்த்துத்தான் விக்குது, வேணும்போது போட்டு வேணும்போது எடுக்கிற மாதிரி. பிஎம்டபிள்யூ 2015ல செவன் சீரிஸோட கொண்டு வந்த டிஸ்ப்ளே கீயும் அப்படித்தான், திரை தெரியணும், சார்ஜ் பண்ற துளை திறந்திருக்கணும், வாகனத்துக்குள்ள வயர் இல்லாம சார்ஜ் ஆகுற தட்டுல அடங்கணும். இந்த மாதிரி சாவிக்கு பின்பக்கத்தையும் ஓரத்தையும் மட்டும் பிடிக்கிற கவர், இல்லாட்டி இழுத்து எடுக்கிற பை, இது ரெண்டும்தான் எடுபடும். பெரிய எழுத்து, மினுமினுப்பு கல், சிவப்பு தொங்கல் இதெல்லாம் வாகனம் வாங்கப் போறவங்க வாங்குறது, வாகனம் வச்சிருக்கிறவங்க பேரோட முதல் எழுத்தை சின்னதா உள் பக்கம் பொறிச்சுக் கேப்பாங்க. கம்பனி சின்னத்தை மட்டும் நீங்க அச்சடிக்காதீங்க. அது பதிவு செஞ்ச வர்த்தகக் குறி, 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்துல மாட்டும், அதை விடவும் அந்த வாகனம் வச்சிருக்கிறவருக்கு போலி நட்சத்திரம் ஒரு பார்வையில தெரிஞ்சுரும், தெரிஞ்சதும் உங்க நல்ல தையலையும் அவர் நம்ப மாட்டார். சாவியிலயே சின்னம் இருக்கு, அதுக்கு ஒரு ஓட்டை வெட்டி விடுங்க, போதும். வாகன நம்பரையும் டேக்ல போடாதீங்க, தொலைஞ்சா எடுத்தவனுக்கு எந்த வாகனத்துக்கு சாவின்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. ஒரு போன் நம்பர் உள் பக்கம் போட்டா கண்டெடுத்தவர் கூப்பிடலாம்.

வளையம், கொக்கி இதுல காசு மிச்சம் பிடிக்காதீங்க. முலாம் பூசின மலிவு உலோகம் ஈரத்துல புள்ளி புள்ளியா எழும்பி உரியும், பித்தளை பச்சை பிடிச்சு வெள்ளைச் சட்டையில கறை வைக்கும், நல்ல ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்தான் நம்ம காலநிலைக்கு. டைட்டேனியம் இன்னும் நல்லது, எடை எஃகோட எடையில பாதியை விடக் கொஞ்சம்தான் கூட, ஆனா இங்க கிடைக்கிறது கஷ்டம். கூரான ஓரம் இருக்கக் கூடாது, நடுக் கொன்சோல்ல மரப் பெனலும் பியானோ கருப்புப் பூச்சும் இருக்கிற வாகனத்துல சாவியைப் போடுறது அங்கதான், ஒரு கோடு விழுந்தா அவர் உங்களை மறக்கவே மாட்டார். சாவி போட்டுத் திருப்புற பழைய டிஃபென்டர், மொன்டேரோ, லேண்ட் க்ரூஸர் வச்சிருக்கிறவங்களுக்கு எடை இன்னும் முக்கியம், அமெரிக்காவுல ஜெனரல் மோட்டர்ஸ் 2014ல இக்னிஷன் சுவிட்ச் பழுதுக்காக லட்சக்கணக்கான வாகனத்தைத் திருப்பி அழைச்சப்ப, சரி பண்ணும் வரைக்கும் சாவியைத் தனியா மட்டும் போட்டு ஓட்டுங்க, வளையத்துல வேற ஒன்னும் தொங்க விடாதீங்கன்னு சொன்னாங்க. பழுது சுவிட்ச்ல, ஆனா தொங்குற பாரம் ஓடுற வாகனத்துல அதைத் திருப்பி விட்டுச்சு, 124 பேரோட சாவுக்கு நட்டஈடு குடுத்தாங்க. தேய்ஞ்சு போன பழைய சுவிட்ச் நம்ம ஊருல எத்தனை வாகனத்துல இருக்கு, நம்ம வளைவு ரோட்டுல அது அணைஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. அவங்களுக்கு மெல்லிசான ஒரு லெதர் நாக்கு மட்டும் குடுங்க.

இன்னொரு விசயம், வெளிநாட்டு வீடியோ பார்த்து இது விளங்காது. இங்க பெரிய வாகனத்தோட சாவி அனேக நேரம் ட்ரைவர் கையிலதான். தெரிவு செய்றது முதலாளி, தினமும் பாவிக்கிறது ட்ரைவர் அண்ணன். அவர் மழையில இறங்கி ஓடி வந்து ஈரக் கையோட பிடிப்பார், டயர் மாத்துவார், கழுவுவார். கேக்குறவங்ககிட்ட முதல்லயே கேளுங்க, சேர், இது உங்க கையில இருக்கிற சாவிக்கா, ட்ரைவர்கிட்ட இருக்கிறதுக்கான்னு. முதலாளி சாவிக்கு லெதர், ட்ரைவர் சாவிக்கு வழுக்காத சிலிக்கனோ டிபியூவோ, ரெண்டையும் ஜோடியா ஒரே நிறத்துல குடுத்தா இந்தப் பக்கத்துல யாரும் செய்யாத வேலையா இருக்கும்.

கோயில் விசயத்தையும் யோசிச்சு வைங்க. வாகனம் எடுத்ததும் சீதா எலிய அம்மன் கோயிலுக்கோ, மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்கோ, ரம்பொடை ஆஞ்சநேயர்கிட்டயோ கொண்டு போய் பூசை போடுவாங்க, சாவியை அர்ச்சனைத் தட்டுல வைப்பாங்க, ஐயர் சாவிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார். வருசாவருசம் ஆயுத பூசைக்கும் அதே. வெளிர் லெதர்ல குங்குமம் பட்டா போகவே போகாது, அதைத் தேய்க்கவும் மனசு வராது. கவரை லேசா கழட்ட முடிஞ்சா வெறும் சாவியைத் தட்டுல வச்சுட்டு பிறகு போட்டுக்கலாம், பட்டன் இடுக்குக்குள்ள சந்தனம் காய விடாம உடனே துடைக்கச் சொல்லுங்க, அது காஞ்சு பட்டன் மாட்டிக்கிட்ட சாவி ஒவ்வொரு வருசமும் என்கிட்ட வருது. அதோட சாமிக்குன்னு தனியா ஒரு சின்ன வளையம் வைங்க, நம்மாட்கள் ஒரு வெள்ளி வேலோ பிள்ளையாரோ தொங்க விடுவாங்க, சிங்கள ஆட்கள் பன்சலையில ஓதித் தர்ற பிரித் நூல் கட்டுவாங்க, முஸ்லிம் ஆட்கள் துஆ எழுதின சின்னத் தகடு போடுவாங்க. அதுக்கு இடம் இல்லாத கவர் எவ்வளவு அழகா இருந்தாலும் இங்க முழுசா ஏத்துக்க மாட்டாங்க, இதை நான் அடிச்சு சொல்லுவேன்.

திருட்டுக்கு சிக்னல் மறைக்கிற பை பத்தியும் கேட்டு வருவாங்க. வீட்டுக்குள்ள இருக்கிற சாவியோட சிக்னலை வெளிய வாகனம் வரைக்கும் நீட்டித் திருடுற முறை ஐரோப்பாவுல பெரிய பிரச்சினை, அது உண்மை. உள்ள உலோக நூல் துணி வச்ச பை அதைத் தடுக்கும், அதுவும் உண்மை. ஆனா அந்தத் துணி மடிஞ்சு மடிஞ்சு உடைஞ்சதும் தடுக்கிறது நின்னுரும், வெளியில பார்த்தா ஒன்னும் தெரியாது. சாவியைப் பைக்குள்ள போட்டு வாகனத்துப் பக்கத்துல நின்னு கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறதுதான் சோதனை, அதை மாசத்துக்கு ஒருக்கா செய்யச் சொல்லி விக்கணும். புது சாவி சிலதுல அசையாம கிடந்தா தானா தூங்கிப் போற வசதி இருக்கு, அவங்களுக்கு இந்தப் பை தேவையில்ல. தேவையில்லன்னு சொல்லி அனுப்புங்க, அவர் கவர் வாங்க உங்ககிட்டயே வருவார். ஏர்டேக், அதாவது தொலைஞ்ச சாமானைத் தேட அப்பிள் கம்பனி விக்கிற சின்ன வில்லை, அதை வைக்கிற பொக்கட்டும் கேப்பாங்க, வைக்கலாம், ஆனா அது பக்கத்துல போற ஐபோன்களை வச்சுத்தான் இடம் சொல்லும், கண்டியில தொலைஞ்சா கண்டுபிடிக்கலாம், பொகவந்தலாவை தோட்டத்து ரோட்டுல விழுந்தா நம்பிக்கை வைக்க முடியாது. அதுக்குள்ள இருக்கிறதும் சிஆர்2032தான், பிள்ளைகள் விழுங்கினா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளயே தொண்டைக்குழாயைச் சுட்டுரும், அதனால எந்தப் பொக்கட்டா இருந்தாலும் பிள்ளை கையால திறக்க முடியாம தைக்கணும்.

விலை. கொழும்பு பெட்டா, பஞ்சிகாவத்தை கடையில விக்கிற கவரோட நீங்க போட்டி போட வேண்டாம், அதை வாங்கி உரிஞ்சு போனவர்தான் உங்ககிட்ட வர்றவர். அவர் உங்க விலையைப் புது சாவி விலையோட வச்சுத்தான் பார்ப்பார், அதனால கூலியைக் குறைச்சுப் போடாதீங்க. ஆனா அந்த விலைக்கு அவர் ஒன்னு எதிர்பார்ப்பார், தையல் விட்டோ, கவர் மூடுற பட்டன் அறுந்தோ கொண்டு வந்தா செஞ்சு குடுப்பீங்களான்னு. நூலும் ஓரப் பூச்சும் மாத்தித் தர்றோம்னு சொல்லுங்க, சொன்னதை செய்யுங்க, தோட்டத்து மெனேஜர்மார் கிளப்ல ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்றதை விட பெரிய விளம்பரம் மலையில இல்ல.

எல்லா மொடலுக்கும் ஒரேயடியா அச்சு வெட்டாதீங்க. இங்க ஓடுற வாகனத்தைப் பார்த்து ப்ராடோ, சி கிளாஸ், பிஎம்டபிள்யூ ஃபைவ் சீரிஸ் இந்த மூணுல ஆரம்பிங்க, அதுலயும் ஒரே பேர்ல வருசத்துக்கு வருசம் சாவி மாறும், வாகன வருசத்தைக் கேக்காம சாவியையே கையில வாங்கி அளவெடுங்க. செஞ்சதும் கவர் இல்லாம எத்தனை அடியில கைப்பிடி திறக்குது, பட்டன் எவ்வளவு தூரம் வேலை செய்துன்னு பார்த்து எழுதி வச்சுட்டு, கவர் போட்டு அதே இடத்துல நின்னு பாருங்க, புது பெட்டரியிலயும் பாருங்க, பழசு ஒன்னைப் போட்டும் பாருங்க. இப்ப புதுசா வர்ற மின்சார வாகனங்கள்ல சாவிக்கு பதிலா என்எஃப்சி கார்டும் (ஒட்டிப் பிடிச்சா கதவு திறக்கிற கார்ட்) போனும் வருது, சீன பிவைடி வாகனத்துல அந்தக் கார்டைப் பார்த்திருப்பீங்க. அது 13.56 மெகாஹெர்ட்ஸ், பின்னால உலோகத் தகடு இருந்தா வாசிக்கவே வாசிக்காது, மெல்லிசா லெதர்ல ஒரு உறை மட்டும் தைச்சா போதும், மாமாவுக்கு அரை மணித்தியால வேலை. மாதிரி ரெண்டு மூணு தயாரானதும் ஹட்டன் பக்கம் வர்ற நாள்ல எடுத்துட்டு வாங்க, கடையில எப்பவும் நாலஞ்சு மொடல் சாவி கிடக்கும், போட்டுப் பார்த்துட்டு எது சரி எது சரியில்லன்னு நேரா சொல்லிர்றேன்.